நாலு எண்ணும் வரை

டாக்ஸி ஆபீஸில் அவனுக்கு ஜோசியர் என்று பட்டப்பெயர். போன் செய்கிறவர் "ஆஸ்..." என்று ஆரம்பித்தாலே போதும், "ஆஸ்பத்திரி பின்வாசல்தானே, பத்து நிமிஷத்துல வண்டி வந்துரும்" என்று வைத்துவிடுவான். பதினான்கு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்ததில் கைவந்த வித்தை. பக்கத்து நாற்காலித் தொப்பிக்காரர் ஒரு அழைப்பை முடிப்பதற்குள் இவன் மூன்றை முடிப்பான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதலாளி இவனிடம்தான் உட்கார வைப்பார்.

வித்தையை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருந்தால் வம்பில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

மகளுக்குப் பத்து வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். நாலு வயதிலிருந்து திக்குகிறது. அவள் "த... த..." என்றால் இவன் தண்ணீரை நீட்டிவிடுவான். "ச..." என்றால், சட்டைதானே, அம்மாகிட்ட சொல்லித் துவைக்கச் சொல்றேன் என்பான். பெண்ணுக்கு உபகாரம் செய்கிறோம் என்றுதான் நினைப்பு. போகப் போக அவள் முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள். சில நாள் அவள் கேட்க வந்தது தண்ணீரே இல்லை. ஆனாலும் வாங்கிக் குடித்துவிடுவாள்.

இந்தத் தண்ணீர் விஷயத்தை அவனுக்குச் சொன்னது பேச்சுப் பயிற்சி டீச்சர். சிட்டு எழுதிக் காட்டியிருக்கிறாள்.

"நீங்க அவளுக்கு உதவி பண்ணலை சார்," என்றார் டீச்சர். "உங்க அவசரத்துக்கு உதவி பண்ணிக்கறீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. இனிமேல் வார்த்தையை முடித்துக் கொடுக்கக் கூடாது, மெதுவாகப் பேசு என்றும் சொல்லக் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் டீச்சர். அவ்வளவுதானாம். லாரியைத் தள்ளச் சொல்லியிருந்தால் தள்ளியிருப்பான். பெற்ற பெண் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே மனைவி கண்ணாலேயே அதட்டுவாள். அப்படியும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வாய் முந்திக்கொள்ளும்.

போன திங்கட்கிழமை டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். இந்த வாரத்துக்குள் சிட்டு தனியாக யாருக்காவது ஒரு போன் செய்ய வேண்டும். நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார்: யாருக்கு, என்ன பேசப்போகிறேன், என்ன நடந்தது. வீட்டில் போன் மணி அடித்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற பெண் அவள். பிறந்ததிலிருந்து ஒரு போன் செய்ததில்லை. இந்த ஒரு அழைப்பு நல்லபடியாக முடிந்தால் வாய் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பயந்துவிட்டாள் என்றால் ஒரு வருஷத்து உழைப்பு வீண் என்று டீச்சர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் அத்தை பெயரைச் சொல்லிப் பார்த்தான், சித்தி பெயரைச் சொல்லிப் பார்த்தான். சிட்டு தலையை ஆட்டிவிட்டு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைக்கும்போது சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் டாக்ஸி ஆபீஸில் போன்கள் கொதிக்கும். அதுவும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், பிள்ளைகள் விளையாட்டுக்குப் போன் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதற்கென்றே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: 'நாலு எண்ணும் வரை குரல் வராவிட்டால் வைத்துவிடவும்.' அட்டையை எழுதியவனும் அவன்தான், யோசனையும் அவனுடையதுதான்.

நாலு மணி பத்துக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. "டாக்ஸி ஆபீஸ், சொல்லுங்க" என்றான். மழைச் சத்தம் கேட்டது, யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வைத்துவிட்டான். அடுத்த நிமிஷம் அதே எண். மறுபடியும் மூச்சு. மறுபடியும் நாலு. மூன்றாவது தடவை உதடு ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"விளையாடறதுக்கு வேற நம்பர் கிடைக்கலையா? வை போனை."

தொப்பிக்காரர் சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த அழைப்பை எடுத்தான். அந்த எண் அதற்கப்புறம் வரவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி சிட்டுவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்தாளாம், தொப்பலாக நனைந்துவிட்டாளாம். புத்தகப் பையிலிருந்தவை எல்லாம் ஈரமாகி மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தன. பயிற்சி நோட்டு விரித்தபடி கிடந்தது. இரண்டு நாளாக ஒளித்து வைத்ததாயிற்றே என்று குனிந்து பார்த்தான்.

யாருக்கு: அப்பா ஆபீஸுக்கு. வாட்ச்மேன் அண்ணா போனில்.

என்ன பேசப்போகிறேன்: பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு வண்டி வேணும். அப்பா, நான்தான், கண்டுபிடிச்சீங்களா?

மூன்றாவது கட்டத்தைப் படிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 'லைன் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. 'டீச்சர், அப்பா ஆபீஸ் எப்பவும் பிஸி.'

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பதினான்கு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய முகவரியைக் கண்டுபிடித்திருப்பான். சொந்த மகளின் மூச்சு மூன்று தடவை காதுக்குள் வந்து நின்றிருக்கிறது. ஜோசியராம், ஜோசியர். தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அறைந்துகொண்டால் மட்டும் என்ன, நாலு மணி பத்து திரும்பி வந்துவிடுமா?

நாளைக்கு மறுபடி பண்ணு, நானே எடுக்கறேன் என்று சொல்லலாம். அது எப்படித் தனியாகப் பண்ணின போன் ஆகும்? டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னால், மறைத்து எழுதின பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

மனைவி துண்டை உலர்த்தப் போனாள். அவன் சிட்டுவின் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நாலு மணிக்கு நீதானே? நான்தான் வச்சேன், சிட்டு. நீன்னு தெரியாம வச்சுட்டேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ப..."

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு எழும்பியது. என்ன சொல்லப் போகிறாள் என்று அந்த ஒரு சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் வேண்டாம் என்று இருந்தது. திட்டட்டும், அழட்டும், இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன் என்று கத்தட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பழக்கதோஷத்தில் மனசு எண்ணியது. நாலு தாண்டியது, பத்து தாண்டியது. இந்தத் தடவை முழுசாகக் காத்திருந்தான். காத்திருப்பதைத் தவிர அவனால் செய்ய முடிந்தது வேறொன்றும் இல்லை.

"ப... ப... பரவால்லப்பா," என்றாள்.

ஜோசியம் பலித்துவிட்டது.