'நி' வரைக்கும்

நாடே கரண்ட் கட்டைத் திட்டித் தீர்த்த வருசத்தில், அது எப்போது வரும் என்று ஆசையாய்க் காத்திருந்த ஒரே பிறவி கண்டியில் திருச்செல்வமாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பாங்க் மாற்றலில் வந்த மனிசன். கடைக்கு மேலே வாடகை அறை. வேலை விட்டு வந்தால் வாய் திறந்து பேச ஒரு நாதியில்லை. அந்தத் தனிமை தாங்காமல்தான் கிட்டார் ஒன்றை வாங்கினார்.

போனில் பார்த்துப் பழகிய முதல் பாடம், சுரவரிசை. 'ச'வில் தொடங்கி 'நி' வரைக்கும் விரல்கள் தட்டுத்தடுமாறி ஏறிவிடும். மேல் 'ச'வுக்குச் சுண்டு விரல் வேண்டும். அதுவோ சரியான சோம்பேறி. அழுத்தினால் தந்தி 'டப்' என்று செத்துப்போகும்.

ஒரு பின்னேரம் கரண்ட் போய், தெருவில் டிவியெல்லாம் அடங்கிக் கிடந்தது. திருச்செல்வம் வழக்கம்போல 'நி'யில் வந்து நின்றார். எதிர்வீட்டு இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் மேல் 'ச'வை நிதானமாகப் பாடி முடித்தது. அடடா! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு கரண்ட் போனபோதெல்லாம் ஏழு சுரம் இவருடையது, எட்டாவது அந்தக் குரலுடையது.

கொஞ்ச நாளில் சுண்டு விரல் வழிக்கு வந்துவிட்டது. ஆனால் தானே வாசித்துவிட்டால் அந்தக் குரல் எதற்குப் பாடப்போகிறது? கள்ளன், வேண்டுமென்றே 'நி'யில் நிறுத்தினார்.

பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. டிவிகள் அலறின. 'நி'க்குப் பிறகு ஒன்றுமில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் தன் அறையின் மெயின் சுவிட்சைத் தானே இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்து வாசித்தார். பைத்தியம்தான், வேறென்ன!

யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு ஹாஷிம், கையில் டோர்ச்.

"சேர், உங்கட ரூம் மட்டும் இருட்டா ஈக்கிது. சுவிட்ச் விழுந்திட்டா?"

"ஓம்... விழுந்திட்டுது போல."

ஹாஷிம் சுவிட்சைத் தூக்கிவிட்டார். கிட்டாரைக் கண்டதும் சிரித்தார்.

"நீங்க முடிக்க முடியாமக் கஷ்டப்படுறீங்கண்டு எங்கட உம்மாட தங்கச்சி, ஸக்கியா சாச்சிதான் பாடிக் காட்டினா, சேர். போன மாசம் அக்குறணை ஊருக்குப் போய்ட்டா. போன் எடுக்கிற நேரமெல்லாம் கேக்குறா, அந்த சேருக்குக் கடைசிச் சத்தம் வந்திச்சாண்டு."

திருச்செல்வத்துக்கு இனியும் ஏமாற்ற மனம் வரவில்லை. கிட்டாரை மடியில் வைத்து எட்டையும் வாசித்தார். மேல் 'ச' கணீரென்று விழுந்தது.

"மாஷா அல்லாஹ், வந்திட்டு! இப்பவே சொல்லிடுறேன் சேர்," என்று ஹாஷிம் சந்தோசமாய்ப் படியிறங்கினார்.

இனி ஸக்கியா சாச்சி கேட்கமாட்டா.