இரண்டாம் பறவை

"பாலம் வருதுப்பா. பெய்காங் பாலம். தாண்டப் போறோம், கூடவே வாங்க."

லீச்சிங் அப்பாவின் காதருகே குனிந்து சொன்னாள். பாலத்தின் இணைப்புகளில் ஆம்புலன்ஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் தலை லேசாக ஆடியது. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் காற்றுப்பையை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். அந்தப் பைதான் இப்போது அப்பா தீங் ஜின்துவின் மூச்சு. வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று சியாயி ஆஸ்பத்திரி டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். கடைசி மூச்சு சொந்த வீட்டுக் கூடத்தில்தான் போக வேண்டும். வழியில் ஒவ்வொரு பாலத்தையும் திருப்பத்தையும் வீட்டார் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆள் வழியிலேயே நின்றுவிடுவார்.

ஒரு கையால் அவர் விரல்களைப் பிடித்திருந்தாள். மறு கையில் போன். போனிலிருந்து திடீரென்று ஒரு பறவை நீளமாக விசிலடித்தது.

நர்ஸ் பெண் நிமிர்ந்தாள். "என்னக்கா அது?"

"எங்க வீட்டு காலிங்பெல். சத்தத்த மாத்தணும்."

"இப்பவா?"

"இப்பவேதான்."

அது 'பறவை ஒன்று.' இல்லை, இது இல்லை. அடுத்து 'பறவை மூன்று' கைபட்டு ஒலித்தது. இரண்டு கிளிகள் சண்டை போடுவதுபோல இருந்தது. முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்: "உள்ள ஏதாவது பூந்துடுச்சாம்மா?"

"இல்லண்ணே, நீங்க ஓட்டுங்க. அப்பா, பாலம் தாண்டியாச்சு. வலது பக்கம் திரும்பறோம்."

'பறவை இரண்டு.' கீச், கீச், கீச். மூன்று முறை, சற்றே கரகரத்த குரலில். இதுதான்.

தீங் ஜின்து நாற்பது வருடம் இந்த ஊரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்டவர். ஆளைவிட வாசல் மணியைத்தான் அவருக்கு அதிகம் தெரியும். பல் டாக்டர் வீட்டு மணி இருமும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தையல்காரியின் மணி அழுத்தினால் விடாமல் அலறும், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் மணி பேருக்குத்தான், கதவைத் தட்ட வேண்டும். இப்படித்தான் தெருக்களைச் சொல்வார். தன் வீட்டு வாசலில் மட்டும் சாவியை எடுக்கவே மாட்டார். பையில் சாவி இருக்கும். ஆனாலும் மணியை அழுத்திவிட்டு, ஒரு குதிகாலால் மறு குதிகாலைத் தேய்த்து ஷூவைக் கழற்றத் தொடங்கிவிடுவார். முன்பு அம்மா வந்து திறந்தாள். அம்மா போனபின், கணவனை விட்டுவிட்டு காவ்ஷியோங்கிலிருந்து திரும்பி வந்திருந்த லீச்சிங் திறந்தாள்.

அவருக்கு மறதி ஆரம்பித்ததும், சின்சூவில் வேலை பார்க்கும் தம்பி குவோதுங் கேமரா வைத்த மணியைக் கொண்டுவந்து மாட்டினான். முதல் நாள் அப்பா அதை அழுத்தினார், ஏதோ பியானோ கேட்டது, இரண்டு அடி பின்னால் போய், "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்" என்றார். குவோதுங் வாசலிலேயே உட்கார்ந்து, போனில் இருந்த எல்லா ஓசைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். இரண்டாம் பறவை வந்ததும் அப்பா ஷூவைக் கழற்றினார். பழைய மணியும் அப்படித்தான் கத்தும்.

மறதி வளர்ந்தது. வெளியே போவார், மணி அடிப்பார், உள்ளே வருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி வெளியே போவார். ஒரு நாள் முப்பத்தொரு தடவை. பறவை கத்தும்போதெல்லாம் லீச்சிங்கின் தோள் தானாகத் தூக்கிப் போட்டது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தத்தை 'மழைத்துளி'க்கு மாற்றிவிட்டுப் படுத்தாள். காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஓசை. அரைத் தூக்கத்தில் அது ஒரு முறை சொட்டியது கேட்டது. இன்னொரு தடவை அடிக்கட்டும், எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். இன்னொரு தடவை அடிக்கவில்லை.

திடுக்கிட்டு விழித்து வெறுங்காலோடு தெருவுக்கு ஓடியபோது, கையிலிருந்த போன் அடித்தது. வேர்க்கடலை மிட்டாய்க் கடைக்காரர். "கேஸ்கார அண்ணன் எங்க கடைப் படியில விழுந்துட்டாரும்மா." இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், அப்புறம் நுரையீரலில் சளி. இரண்டு நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, கேட்டில் ஒரு பை நிறைய மூங்கில் குருத்து புளித்துப்போய்த் தொங்கியது. யார் மாட்டியது என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் குப்பையில் போட்டாள்.

இருபத்து மூன்று நாட்களாக அவளுக்குள் ஒரே காட்சிதான் ஓடியது. அப்பா மணியை அழுத்துகிறார். மழை சொட்டுகிறது. "வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பி நடக்கிறார். அதன் பதிவு போனிலேயே இருக்கும். அவள் பார்க்கவில்லை. சத்தத்தை மாற்றியதை யாரிடமும் சொல்லவுமில்லை.

இப்போது 'பறவை இரண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். திரை சொன்னது: ஒலிப்பெட்டி இணைப்பில் இல்லை.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? சோபாவ வெளிய தூக்கிப் போட்டாச்சு. அப்பாவப் படுக்க வைக்கப் பலகை ரெடி. சாமிய செவப்புத் தாளால மறைச்சாச்சு. புத்தர் நாமம் சொல்ற லின் அக்காவும் ஆளுங்களோட வந்துட்டாங்க."

"சாமி மேடைக்குக் கீழ வெள்ளையா ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்குமே."

"அதப் புடுங்கிட்டேன். நாமம் சொல்ற மெஷினுக்கு பிளக் வேணும்ல?"

"திரும்ப மாட்டு."

"கேட்டே தெறந்துதான் கெடக்கு, அக்கா. யாரு பெல் அடிக்கப் போறா?"

"அப்பா."

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம். பிறகு குவோதுங், "சரி, மாட்டறேன்" என்றான்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியது. "நம்ம தெருப்பா. பல் டாக்டர் வீடு. ஆமான் சித்தி வீடு." திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி நின்றது. பின்கதவு திறந்தது. வட்டம் இன்னும் சுற்றியது.

டிரைவரும் நர்ஸும் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். நர்ஸின் கை பையை விடவில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த குவோதுங் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டுகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள் லீச்சிங்.

"நேரமில்லக்கா," என்றாள் நர்ஸ்.

"தெரியும். பெல் அடிக்காம இவர் உள்ள போனதே இல்ல."

டிரைவர் நர்ஸைப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூணோடு ஒட்டி நிறுத்தினார். லீச்சிங் போனைப் பார்த்தாள். வட்டம் இல்லை, பச்சைக் குறி. அப்பாவின் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டி, பொத்தானில் வைத்து அழுத்தினாள்.

கீச், கீச், கீச். வாசலிலும் கூடத்திலும் ஒரே நேரத்தில்.

போர்வைக்கடியில் ஏதோ அசைந்தது. வலது குதிகால் இடது குதிகாலை ஒரு முறை தேய்த்தது. மெதுவாக, இன்னொரு முறை.

"ஷூவக் கழட்டறாரு," என்றார் டிரைவர்.

நர்ஸ் பையை அழுத்தினாள்.

"வீட்டுக்கு வந்துட்டோம்பா," என்றாள் லீச்சிங்.

பத்து நாற்பதுக்கு அவர் வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். அதன்பின் அவராகவே இரண்டு மூன்று சின்ன மூச்சுகள் விட்டார். அவசரமே இல்லாத மூச்சுகள். லின் அக்காவும் அவருடன் வந்திருந்த நான்கு பெண்களும் புத்தரின் நாமத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். எட்டு மணி நேரம் யாரும் உடலைத் தொடக் கூடாது, பக்கத்தில் நின்று அழவும் கூடாது.

"அந்தக் குருவியும் கத்தக் கூடாதும்மா," என்றார் லின் அக்கா தாழ்ந்த குரலில். "போறவரு திரும்பிப் பாத்துடுவாரு."

லீச்சிங் வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் குவோதுங் அக்கம்பக்கத்துக் கேட்டுகளில் சிவப்புத் தாள் ஒட்டப் போனான், சாவு வீட்டுத் தீட்டு அவர்களைத் தொடாமலிருக்க. தன் கேட்டில் தாளைப் பார்த்ததும் ஆமான் சித்தி கஞ்சிப் பாத்திரத்தோடு பின்வழியாக வந்துவிட்டாள்.

"சாப்பிடு. அழறதுக்கும் தெம்பு வேணும்."

"அழல சித்தி."

"அதான் தெரியுதே. பரீட்ச முடிச்சிட்டு வந்தவ மாதிரி உக்காந்திருக்க." லீச்சிங் தலை குனிந்ததும் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "இதுல என்னடி வெக்கம்? எங்க மாமியா போன அன்னிக்கு நான் ரெண்டு பாத்திரம் சோறு தின்னேன். ஊர்ல எவளும் சொல்ல மாட்டா, நான் சொல்றேன்."

அவள் போனபின் குவோதுங் சமையலறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தான். "போட்டோக் கடைக்காரன் அஞ்சு மணிக்குள்ள படம் வேணுங்கறான். பெருசு பண்ணி சட்டம் போடணுமாம். என்ன இருக்கு நம்மகிட்ட?"

"அடையாள அட்டையில ஒண்ணு."

"அதுல போலீஸ் புடிச்ச ஆள் மாதிரி இருப்பாரு. என் கல்யாணத்துல எடுத்ததுல பாதி மூஞ்சிய மாமா தோள் மறைச்சிருச்சு." யோசித்தான். சட்டென்று முகம் மலர்ந்தது. "அட, வாசல்ல தெனம் போஸ் குடுத்தாரே! உன் போன குடு."

அவள் கொடுக்குமுன்பே மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். மணியின் பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போனான். அப்பா, அப்பா, பால்காரன், அப்பா. கேமராவுக்கு மிக அருகில் மூக்கு மட்டும். வாழைப்பழத்தோடு. கோபத்தோடு. குவோதுங் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

"மே மாசம் வேண்டாம்," என்றாள் லீச்சிங்.

"ஏன், கடைசி மூஞ்சிதான நல்லது? இங்க பாரு, வெள்ளத் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு. செவ்வாய்க்கெழம."

அவள் கை போனை நோக்கிப் போய், பாதியில் மேசைமேல் விழுந்தது. பதிவு ஓடத் தொடங்கிவிட்டது.

ஒன்று நாற்பத்தாறு. அப்பா உள்ளேயிருந்து வெளியே வருகிறார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. கேட்டைப் பிடித்து மெல்ல இழுக்கிறார். அது கிறீச்சிட்டதும் அப்படியே நிற்கிறார், வீட்டுப் பக்கம் காது கொடுக்கிறார். பிறகு கேமராவைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார். "ஷ்ஷ். பொண்ணு தூங்குது." தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் இறக்குகிறார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வதுபோல ஒரு சிரிப்பு. இடது பக்கம், கடைத்தெருவை நோக்கி நடக்கிறார். பொத்தானை அவர் தொடவே இல்லை.

"இந்தச் சிரிப்பு!" என்றான் குவோதுங். "இதான். இதத்தான் போடறோம்."

"அடுத்தது என்ன?"

"எது அடுத்தது?"

"அதுக்கடுத்து வாசல்ல யாரு வந்தா? போடு."

இரண்டு பத்து. ஆமான் சித்தி. கையில் ஒரு பை, மேலே மூங்கில் குருத்துகளின் நுனி. பொத்தானை அழுத்துகிறாள். மழை ஒரு முறை சொட்டுகிறது. காத்திருக்கிறாள், "எங்க தொலஞ்சா இவ" என்கிறாள், பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறாள்.

மூன்று ஐந்து. வெறுங்காலோடு ஓடும் லீச்சிங். அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவ போடு," என்றாள்.

போட்டான். மறுபடி கேட்டாள். மறுபடி போட்டான். மூன்றாவது தடவை அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"அன்னிக்கு சத்தத்த மாத்தினது நான்தான், தம்பி."

"தெரியும். என் போனுக்கும் தகவல் வந்துது." கஞ்சிப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "அன்னிக்காவது நீ தூங்குவியேன்னு நெனச்சேன்."

லீச்சிங்கின் தொண்டையிலிருந்து விக்கல்போல ஒரு சத்தம் வந்தது. கூடத்திலிருந்து லின் அக்கா எட்டிப் பார்த்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், ஏற்கெனவே தூக்கியிருந்த எச்சரிக்கை விரலை அப்படியே தாழ்த்திக்கொண்டார்.

அவள் கஞ்சியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்தாள்.

"நான் போட்டோக் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்," என்று குவோதுங் எழுந்தான். பதிவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அவளுடைய போனை மேசையில் வைத்தான்.

கூடத்தில் நாமம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. லீச்சிங் கைகளை மேசைமேல் மடித்து அதில் தலையைச் சாய்த்தாள். கண்ணுக்கு நேரே போன் திரை ஒளிர்ந்தது: வாசலில் ஆள். குவோதுங் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தாழ்ப்பாளை விரலால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.