மூன்றாவது வரி இல்லாத நாள்

வரிசை தப்பிச் சொல்லிவிடுவோமோ என்று பூச்செண்டுக்குப் பயமாக இருந்தது. செயல் அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, "நடந்ததைச் சொல்லுங்கம்மா" என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிட்டால் நடந்ததே வேறாகிவிடும். அவள் பார்க்கிற வேலை அப்படி.

நெட்டூரணி பேரூராட்சியின் இணையப் பக்கத்தில் ஃபோல்டரைச் சுற்றி வருகிறவள் அவள். யாராவது பக்கத்தைத் திறந்ததும் உள்ளே போவாள். உள்ளே ஒரு தெரு. கோப்புக்கு ஒரு வீடாக இருநூற்றுப் பதினான்கு வீடுகள். ஒவ்வொரு கதவையும் தட்டி, ஆள் இருப்பதைப் பார்த்து, பெயரை உரக்கச் சொல்வாள். சொன்ன பெயர் பக்கத்தில் போய் நிற்கும். பக்கத்தைத் திறந்தவர் பேசுவது தெருவில் கேட்கும். இவளிடமிருந்து அங்கே போவது கோப்பின் பெயர் மட்டும்தான். வேறு எதைச் சொன்னாலும் போகாது.

அந்தத் தெருவில் பெயரின் எழுத்தைப் பார்த்துத்தான் வீடு. கால்வாய்ப் படம் ஒன்றுக்கு அடுத்த வீட்டில் பத்து இருக்கிறது. அதற்கடுத்துப் பதினொன்று. இரண்டின் வீடு எங்கேயோ தள்ளி. ஒன்றும் இரண்டும் கூடப்பிறந்தவர்கள், நல்ல நாள் பெரிய நாளில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். 'த' வரிசையில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் தீர்மானம்_இறுதி, நடுவில் தீர்மானம்_இறுதி_இதுதான், கடைசி தீர்மானம்_இறுதி_புதியது. மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பூச்செண்டு ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பக்கத்து ஊர்களில் பட்டம் படித்தவர்கள் சுற்றி வருகிறார்கள். அங்கே பத்து வீட்டுக்கு ஒரு வீடு விட்டுப்போகும். இவள் பத்தொன்பது வருடத்தில் ஒரு வீட்டை விட்டதில்லை, ஒரு பெயரை இரண்டு முறை சொன்னதில்லை. மொத்தத் தெருவுக்கும் பதினொரு விநாடி. வெளியே பதினொரு விநாடி என்பது உள்ளே நடக்கிறவருக்கு ஒரு முற்பகல்.

முப்பது விநாடிக்குள் முடித்துத் திரும்பிவிட வேண்டும். தெருமுனையில் விசில்காரர் உட்கார்ந்திருக்கிறார். முப்பதாவது விநாடியில் ஊதுவார். ஊதினால் சுற்றுகிறவர் இருந்த இடத்தில் இருந்தபடி நின்றுவிடுவார், அவரை மறுபடி ஓட்ட முடியாது. இவளுக்கு முன்னால் வேலை பார்த்த ஞானசிகாமணி நாற்பதாம் வீட்டு வாசலில் தட்டப்போன கையோடு நிற்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் கையில் துண்டு காயப் போடுகிறார்கள். காற்றடித்தாலும் விழுவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஐந்து வரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெருவைத் திற. ஒவ்வொரு கதவாகத் தட்டு. ஒரு புள்ளி வைத்த கதவையும் இரண்டு புள்ளி வைத்த கதவையும் விட்டுவிடு. பெயரைச் சொல். தெருவைச் சாத்து.

அந்தப் புள்ளி வைத்த கதவுகள் தெருவின் தலைப்பிலேயே, எல்லா வீட்டுக்கும் முன்னால் இருக்கின்றன. ஒரு புள்ளிக் கதவைத் திறந்தால் உள்ளே இதே தெரு. இரண்டு புள்ளிக் கதவைத் திறந்தால், இந்தத் தெருவையும் இன்னும் எத்தனையோ தெருக்களையும் உள்ளே வைத்திருக்கும் பெரிய தெரு. எல்லாத் தெருவுக்கும் அப்படித்தான். பூச்செண்டு தினமும் அந்த இரண்டையும் தலை குனிந்தபடி தாண்டிப் போய்விடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை யாழினி புதிய தாள் கொடுத்தாள். யாழினி மாவட்டத்திலிருந்து வந்து வரிகள் எழுதிக் கொடுக்கிறவள். அடுத்த மாதம் தெருவுக்குள் சின்னத் தெருக்கள் வரப்போகின்றன என்று, 'கதவுக்குப் பின்னால் தெரு இருந்தால் அதற்குள்ளும் போய் இதையே செய்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். சேர்த்த இடத்தில் பழைய மூன்றாவது வரி போய்விட்டது.

பூச்செண்டு விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறையும் அந்த வரி இல்லை.

"ஏத்தா யாழினி, புள்ளிக் கதவப் பத்தி ஒண்ணுமே காணோமே?"

யாழினி ஒரு காதில் ஃபோனை வைத்திருந்தாள். "எல்லாம் அதுலயே இருக்குக்கா. எழுதுனபடி செஞ்சாப் போதும்."

இருக்கும்போல, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று பூச்செண்டுக்குத் தோன்றிவிட்டது. இன்னொரு தரம் கேட்டால், 'ஆறாவதோட நின்னவங்கதானே' என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்ளுமோ என்றும் இருந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குள் யாரோ பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். கால் தன்னால் நடந்தது. எழுதியிருப்பதற்கு மாறாக அந்தக் கால் ஒரு அடி வைக்காது.

தெருத் தலைப்பில் ஒரு புள்ளிக் கதவு முன்னால் நின்றது. தட்டினால் திறக்கும். உள்ளே போனால் இதே தெரு, இதே கதவு. அதற்குள் மறுபடி இதே கதவு. முதல் வீட்டுக்குக்கூட அவள் போய்ச் சேர மாட்டாள். விசில் ஊதும்போது ஒரு பெயர்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். பத்தொன்பது வருடத்துப் பெயர் போய்விடும், அவளும் போய்விடுவாள். கை தட்டுவதற்காக எழும்பிவிட்டது.

வேகமாகப் படிக்கிறவர்கள் எழுதியிருப்பதை மட்டும் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு எழுதாமல் விட்டதும் தெரியும். ஒவ்வொரு கதவாகத் தட்டு என்றுதான் தாளில் இருந்தது. எந்தக் கதவிலிருந்து என்று ஐந்து வரியில் எங்கேயும் இல்லை.

பூச்செண்டு கையை இறக்கிக்கொண்டு, தெருவின் கடைக்கோடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கே 'வ' வரிசை வீடுகள்.

"என்ன பூச்செண்டு, இன்னிக்கு இந்தப் பக்கத்துல இருந்தா?" என்றார் வீட்டுவரி_விவரம்.

"ஆமாண்ணே. பேசிட்டு நிக்க நேரமில்ல."

பக்கத்தைத் திறந்தவள் பள்ளிவாசல் சந்து மைமூன். விளக்கு_ஆணை_பள்ளிவாசல்_சந்து என்ற பெயர் நான்காவதாகவே போய் நின்றதும் அவள் கத்துவது தெரு முழுக்கக் கேட்டது. "மாமி! வந்துருச்சு மாமி! நம்ம சந்துக்குக் கம்பம் வந்துருச்சு!"

"கண்ணாடிய எங்கடி வச்சே? எழுத்தப் பெருசு பண்ணு, நானும் பாக்குறேன்" என்றாள் மாமி.

பூச்செண்டு வீடு வீடாக வந்தாள். தீர்மானங்கள் மூவரில் கடைசியை முதலில் கூப்பிட்டதற்கு அவர் வாசலில் இறங்கி நின்று மீசையை நீவிக்கொண்டார். மூத்தவர் கதவைப் படாரென்று சாத்தினார். சாத்தினாலும் பெயர் போய்விட்டது. ஞானசிகாமணியின் கையில் இன்றைக்கு ஒரு சட்டையும் இருந்தது. இருநூற்றுப் பதினான்கும் ஆயிற்று. பழக்கமில்லாத திசை என்பதால் பதினேழு விநாடி.

மீதி இருந்தது புள்ளிக் கதவுகள். தட்டியாக வேண்டும். பெரிய தெருவில் யாரையும் தெரியாது, தெரிந்த மனிதர்களிடமே போவோம் என்று ஒரு புள்ளிக் கதவைத் தட்டினாள். திறந்தது. உள்ளே போனால் அதே தெருத் தலைப்பு. அதே மாதிரித் தெரு இல்லை, அதே தெருதான். கோடியில் வீட்டுவரி_விவரம் இன்னும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இப்பத்தான கூப்பிட்டே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யாரைக் கூப்பிட்டாலும் இரண்டாம் முறை, எல்லாரையும் கூப்பிட்டு முடித்தாலும் மறுபடி அதே புள்ளிக் கதவு. மைமூன் பக்கத்தை மூடிவிட்டால் வேலை முடிந்ததாகிவிடும், வெளியே போய்விடலாம். அவள் மூடுவதாக இல்லை. மாமிக்கு ஆணையின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். மூடும்மா என்று இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது. கோப்பின் பெயர் மட்டும்தான் போகும்.

இருபத்து மூன்றாவது விநாடியில் விசில்காரர் விசிலை வேட்டியில் துடைத்தார்.

பெயர் மட்டும்தானே போகும், போகட்டும் என்று பூச்செண்டு நினைத்தாள். எந்தப் பெயரை முதலில் என்று எழுதவில்லையே. அவள் 'அ' வரிசைக்கு ஓடி ஒரு கதவைத் தட்டினாள். "அவசரம்_குழாய்_உடைப்பு!" அங்கிருந்து 'ப' வரிசை. "பக்கம்_மூடல்_அறிவிப்பு!" அங்கிருந்து திரும்பி 'த' வரிசைக்கே ஓடி வந்தாள். ஓடிய ஓட்டத்தில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. "தயவுசெய்து_ஒத்துழைக்கவும்!"

"என்னடி இது, கீழ புதுசா வருது?" என்றாள் மாமி.

"அவசரம்... பக்கம் மூடல்... தயவுசெய்து..." மைமூன் படித்தாள். "மூடணுமாம் மாமி. எழுதிட்டீங்களா?"

"கடைசி நம்பரு என்ன?"

"ஏழு."

"ஒண்ணா ஏழா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஏழுதான் மாமி. பாவம், அங்க யாருக்கோ அவசரம்போல."

விசில்காரர் கன்னத்தை உப்பிவிட்டார். மைமூன் பக்கத்தை மூடினாள். பூச்செண்டு அலுவலக வராந்தாவில் மூச்சு வாங்க நின்றாள். இருபத்தொன்பதரை விநாடி.

இவ்வளவையும் வரிசை தப்பாமல் அவள் சொல்லி முடித்தாள். செயல் அலுவலர் எதிரே இருந்த தாளைப் பார்த்தார். "மூணு பேரு ரெண்டு தடவை வந்திருக்கே?"

"ஆமா சார். ரெண்டாவது சுத்துல மூணு பேரு. முதல் சுத்துல ஒண்ணுகூட விடல. வேணும்னா எண்ணிக்குங்க." சொல்லும்போது அவள் தலை குனியவில்லை.

அவர் யாழினியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். யாழினி இரண்டு முறை எண்ணினாள். பிறகு பூச்செண்டின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க கேட்டப்பவே நான் பார்த்திருக்கணும்க்கா. அந்த வரி இல்லாம உள்ள போய்ட்டுத் திரும்பி வந்தவங்க இந்த மாவட்டத்துலயே கிடையாது."

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேனோன்னு பாத்தேன் தாயி."

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க. நான்தான் படிக்கல."

இந்த இரண்டு வாக்கியத்தையும் பூச்செண்டு அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரிடம் சொன்னாள். யாழினி சொன்ன மாதிரியே, அந்தக் குரலிலேயே சொன்னாள். மூன்றாவது வரி தன் இடத்துக்கு வந்தது. மைமூன் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் பிரியாணி வந்தது. பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவள் படத்துக்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேறு எதுவும் எழுதவில்லை. ஊரில் யாருக்கும் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வரி ஒரு முறை விட்டுப்போனால் இன்னொரு முறையும் விட்டுப்போகலாம். கோப்புகளை வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுத்து மாவட்டத்தில் வைக்கிறார்கள். தொலைந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுற்றுகிறவளுக்கு நகல் கிடையாது. அதனால் புதன்கிழமை காலையில் ஆதார் அட்டையும் இரண்டு புகைப்படமும் கொண்டுபோய்க் கொடுத்து, பூச்செண்டு தன்னையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டாள்.

'ப' வரிசையில், புதிய_குழாய்_மனுவுக்கும் பெயர்_மாற்றத்துக்கும் நடுவில் வீடு கொடுத்தார்கள். நல்ல காற்றோட்டமான வீடு. இப்போது தெருவில் இருநூற்றுப் பதினைந்து. அந்தக் கதவைத் தட்டும்போது ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பூச்செண்டு வந்து திறக்கிறாள்.

"எல்லாம் பத்திரமா?"

"பத்திரம். நீ நடையக் கட்டு, நேரமாகுது."

பூச்செண்டு பெயரை உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள். சாயங்காலம் இரண்டு பேரில் யாருக்குக் கை ஒழிந்திருக்கிறதோ அவள் வீட்டுக்குப் போய் உலை வைக்கிறாள்.