மூன்று கட்டத்திலும் சேராதது

"இதில் கவர்மெண்டுக்கு எதிராக ஏதாவது இருக்கிறதா, சந்திரா?"

சுப்பையன் மாமா என்னிடம் இப்படிக் கேட்டது 1961ஆம் ஆண்டு, ஒரு புதன்கிழமைப் பிற்பகல். மலாய் மொழியில்தான் கேட்டார். கேள்வி பதின்மூன்று வருஷத்துப் பழைய செய்தித்தாள் ஒன்றைப் பற்றியது. நான் 'இருக்கிறது' என்றேன். அது பொய்யில்லை. பொய் அதற்கு அடுத்தபடியாக வந்தது. அதை முழுவதும் யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு சுப்பையன் மாமாவுடையது. அவர்கள் மலாக்கா செட்டிகள். மாரியம்மன் கோவிலுக்கு எங்களைவிட ஒழுங்காகப் போவார்கள்; பொங்கலன்று எங்களுக்கு முன்னால் அவர்கள் வீட்டுப் பானை பொங்கிவிடும். ஆனால் வீட்டுக்குள் பேச்செல்லாம் மலாய். பூங்காவனம் மாமி கெபாயாச் சட்டையும் சாரோங்கும்தான் உடுத்துவார். மாமா பண்டார் ஹிலிரில் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து, குமாஸ்தாக்களுக்குத் தலைமைக் கிராணியாக ஓய்வு பெற்றவர். ஒரு தாளைக்கூடக் கோணலாக மடிக்காத மனிதர்.

அந்த வருஷம் கோலாலம்பூரில் நாட்டுக்கென்று தனியாகப் பல்கலைக்கழகம் அமையப் போவதாகப் பேச்சு. அதை நடத்த ஒரு கவுன்சில். கவுன்சிலில் உட்காரத் தகுந்தவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் சில பெயர்கள் போயிருந்தன. மலாக்காவிலிருந்து போன பெயர் கருணாகரன். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 'தென்கரை' என்று ஒரு வாரத்தாளை எட்டு வருஷம் நடத்தியவர். அவரைப் பற்றி விசாரித்து எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து, ஓய்வுக்குப் பிறகும் இப்படிப்பட்ட வேலைகள் வந்துகொண்டிருந்த மாமாவுக்குப் பழுப்பு உறை வந்தது. போலீஸ் தனியாக விசாரிக்குமாம். மாமாவின் வேலை அவர் எழுதியதையெல்லாம் பார்த்து, அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வது.

எழுதியதெல்லாம் தமிழில் இருந்தது. மாமாவுக்குத் தன் பெயரைக்கூடத் தமிழில் எழுத வராது. தேவாரம் மட்டும் மனப்பாடம்.

"பேரு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தமிழு. மண்டைக்குள்ள ஒரு எழுத்து இல்ல. இவர்கிட்ட போய்த் தமிழ்ப் பேப்பரக் கட்டிக் குடுத்திருக்கான் பாரு, அவனைச் சொல்லணும்" என்று மாமி மலாயில் கேலி செய்தார். மாமா சிரிக்கவில்லை. ஊரில் தமிழ் படித்தவர்களில் பாதிப் பேர் கருணாகரனிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரோடு சண்டை போட்டவர்கள். யாரிடம் கொடுத்தாலும் விஷயம் வெளியே போய்விடும், இல்லையென்றால் திரித்துச் சொல்வார்கள் என்று கவலைப்பட்டார். அப்போதுதான் மாமி என்னைக் காட்டினார். வாய் திறக்காத பெண் எதிரிலேயே இருக்கிறாள், தமிழும் தெரியும், மலாயும் தெரியும், வெளியே போய்ப் பேச அவளுக்கு ஆளும் கிடையாது என்றார்.

அப்பா சம்மதித்தார். கவர்மெண்ட் காரியம், அதுவும் கண் பார்வையில் என்பதில் அவருக்குப் பெருமை. நானும் கருணாகரன் சாரிடம் ஆறாம் வகுப்பு வரை படித்தவள்தான். மாமா கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மாமாவிடம் நிரப்பி அனுப்ப வேண்டிய நீளமான அச்சுப் பாரம் ஒன்று இருந்தது. அதில் மூன்று கட்டங்கள். அரசாங்கத்துக்கு எதிராக எழுதியிருந்தால் முதல் கட்டத்தில் போட வேண்டும். பிற இனத்தாரை இழிவாக எழுதியிருந்தால் இரண்டாவது. குடி, கையாடல், பெண் விவகாரம் ஏதாவது இருந்தால் மூன்றாவது. ஒவ்வொரு தாளாக நான் தமிழில் படித்து, மலாயில் சொல்வேன். அவர் கேட்டு, தேதியைக் குறித்து, எழுத வேண்டியது இருந்தால் இங்கிலீஷில் எழுதுவார்.

திங்கட்கிழமை முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. கோவில் திருவிழா, அடைத்துக்கொண்ட சாக்கடை, செமாபோக்கில் ஒரு கிணறு, கள்ளுக்கடையைத் திட்டி நாலு பக்கம். கட்டங்கள் மூன்றும் வெள்ளையாகவே இருந்தன. மாமாவுக்கு அதில் நிம்மதி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கட்டைப் பிரித்தேன். மூன்றாவது தாளில் அது இருந்தது. தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எழுத்துக் கோத்ததில் ஓரிடத்தில் 'பெ' தலைகீழாக விழுந்திருக்கும், அதுவும் அப்படியே இருந்தது.

'பெரியவளான பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிப் பண்டார் ஹிலிருக்குப் படிக்க அனுப்பும் தகப்பன், நாளை தெருவில் தலை குனியவும் தயாராக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தமிழ் பெண்ணுக்குப் போதும். மிச்சத்தை அடுப்படி கற்றுத் தரும்.'

அந்தத் தாள் வந்தபோது நான் இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியவளாகி இரண்டு மாதம். அப்பா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். என் அப்பா நல்லையா கொடுமைக்காரர் இல்லை. ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்கிய காசில்தான் எனக்குக் காலுறை வாங்கித் தந்தார். மறுநாள் காலை பள்ளிக்குப் போய் என் பெயரை எடுத்துவிட்டு வந்தார். "ஹெட்மாஸ்டரே எழுதிட்டாரும்மா" என்றார்.

அதை நான் மாமாவுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். மாமா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரசாங்கம் இல்லை. இனம் இல்லை. மூன்றாவதான நடத்தைக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டினார். இது அவரவர் வீட்டு விஷயம், தன் பெண்களும் ஐந்தாவதோடு நின்றவர்கள்தான் என்றார்.

உள்ளே உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த மாமி, "நின்னாங்களா, உங்க அம்மா நிறுத்தினாங்களா?" என்று கேட்டார்.

மாமா அடுத்த தாளைக் காட்டினார்.

நான் அழவில்லை. அடுத்த தாளையும் படித்தேன். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பிக் குழம்புக்குப் புளி கரைக்கும்போதுகூட அந்த மூன்று கட்டங்களே கண் முன்னால் நின்றன. அந்த மனிதர் எழுதியதில் என்னைத் தொட்டது அது ஒன்றுதான். அதைப் போட அந்தப் பாரத்தில் இடமே இல்லை.

புதன்கிழமை எடுத்தது நாற்பத்தெட்டு, ஜனவரி. தோட்ட வேலை நிறுத்தத்தைப் பற்றியது. டவுனுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் இருந்த தோட்டம். அப்போது எனக்கு ஆறு வயது. சங்கச் செயலாளர் சின்னப்பா என்பவர் முன்னால் நின்று நடத்தினார். அதே வருஷம் அவசரகாலச் சட்டம் வந்ததும் அவர் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டார். மறு வருஷம் சுடப்பட்டு இறந்தார். அறுபத்தொன்றிலும் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

கருணாகரன் சார் எழுதியிருந்தார்: 'சின்னப்பா நம் வீட்டுப் பிள்ளை. இனிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு அவர் பெயரை வையுங்கள். மானேஜர் போலீசைக் கூப்பிட்டாலும் வேலைக்குத் திரும்பாதீர்கள்.'

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. 'ஆனால் ஒருவரும் கை ஓங்கக் கூடாது. ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது. ஆயுதத்தைத் தொடுகிறவன் நமக்கு வேண்டாதவன், அது சின்னப்பாவே ஆனாலும் சரி. அரசாங்கம் நியமிக்கும் நடுவர் முன்னால் போய் நம் வழக்கைச் சொல்வோம்.' கடைசியில், முடிந்தவர்கள் ஆளுக்கு ஒரு படி அரிசி அச்சகத்தில் கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்டிருந்தார். அந்த அரிசியைத்தான் நாங்கள் பதினேழு நாள் தின்றோம் என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள்.

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். இருக்கிறது என்றேன். மேல் பத்தியைச் சொன்னேன். தெளிவாக, மெதுவாக, அவர் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மாமா."

மாமா முதல் கட்டத்தில் நாலு வரி எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவின் மூடியைத் திருகியபடியே உட்கார்ந்திருந்தார். இது ஒன்று போதும், ஆள் அவ்வளவுதான் என்றார். ஆனால் ஒருவனைக் கேட்காமல் அவன் மேல் எழுதித் தான் அனுப்பியதில்லை என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கருணாகரனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தாளைப் படிக்க நானும் இருக்க வேண்டும் என்றார்.

இடையில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். இரண்டு தடவை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும், பள்ளியில் சேர்ந்த எட்டாம் மாதம் என் பெயர் எடுக்கப்பட்ட அந்தக் காலை நேரம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கருணாகரன் சார் சரியாக நாலு மணிக்கு வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நல்லையா மகதானே நீ? இன்னமும் வாயில கொழுக்கட்டையா?" என்று சிரித்தார். வகுப்பில் என்னை அப்படித்தான் கேலி செய்வார். மாமி பாலில்லாத கோப்பி ஓவும் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே உரலுக்குத் திரும்பினார்.

மாமா மரியாதையாகப் பேசினார். கவுன்சிலில் உட்காரச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட வேண்டிய தாள் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்து இல்லாமல் பெயர் மேலே போகாது, திங்கட்கிழமையோடு தவணை முடிகிறது என்று விளக்கினார். அதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, முதல் கட்டத்தில் எழுதியிருந்த நாலு வரியையும் மலாயில் படித்தார்.

சாரின் முகம் கறுத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய தாளை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். அவருக்கு மலாய் நன்றாகவே வரும்; மிச்சத்தை அவரே சொல்லியிருக்கலாம். தாளை என் பக்கம் திருப்பினார்.

"சந்திரமதி, கீழ இருக்கறதையும் மாமாகிட்ட சொல்லும்மா."

கோபமில்லாத, வகுப்பறைக் குரல். நான் எழுந்து நின்றேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கை ஓங்கக் கூடாது என்பதைச் சொன்னேன். ஆயுதத்தைச் சொன்னேன். நடுவரைச் சொன்னேன். அரிசியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

புதன்கிழமை இது இல்லையே என்றார் மாமா. இருந்தது என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அத்தனை நாளில் அவர் என்னிடம் 'ஏன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மலாயில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சாரிடம் தமிழில் சொன்னேன்.

"பெரியவளான பொண்ண பஸ்ல ஏத்தக் கூடாதுன்னு நீங்க எழுதினதும் இந்தக் கட்டுல இருக்கு சார். அத முழுசா சொன்னேன். அதுக்கு இந்தப் பாரத்துல இடமில்லன்னுட்டாங்க. இதுக்கு இடமிருந்துச்சு. அதான் பாதி சொன்னேன். தப்புதான் சார். நாங்க உங்க அரிசியத் தின்னவங்க."

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அது அந்தக் காலத்து எழுத்தும்மா" என்றார்.

"ஆறு வருசந்தான் சார் ஆவுது."

மாமாவுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் பாரத்தில் தவறு விழுந்திருக்கிறது. அடிக்கோலை எடுத்து வைத்து அந்த நாலு வரியையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். இப்போது மூன்று கட்டமும் சுத்தம், மன்னிக்க வேண்டும், இங்கே கையெழுத்திடுங்கள் என்று பேனாவை நீட்டினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் இனி எனக்கு வேலை இல்லை என்று தெரிந்தது.

சார் பேனாவை வாங்கினார். நான் உள்ளே போயிருக்க வேண்டும். கேட்டேன்.

"அந்த யூனிவர்சிட்டில பொம்பளப் பிள்ளைங்களும் படிப்பாங்களா சார்?"

"படிப்பாங்க."

"யாரு உள்ள வரலாம், யாரு வரக் கூடாதுன்னு உங்க கவுன்சில்தான் சொல்லுமா?"

அவர் பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டார். அவர் மகள் சிவகாமசுந்தரி இங்கிலீஷ் பள்ளியில் என் பக்கத்துப் பெஞ்சு. ஊருக்கு எழுதியதை அவர் தன் வீட்டிலும் செய்தார். அந்தத் தாள் வந்த அதே வாரம் அவளையும் நிறுத்தினார். பதினாறு வயதில் மூவார் என்ற ஊருக்குக் கட்டிக் கொடுத்தார். அவள் பெயரைச் சொல்வது நியாயமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. சொன்னேன்.

"சிவகாமியும் அந்த வாரந்தான் சார் நின்னா. கணக்குல எங்க ரெண்டு பேர்ல அவதான் முதல்."

பேனா நகரவில்லை. மை ஒரு புள்ளியாக இறங்கிப் பரவியது. மாமா, பேனா சரியில்லையா, வேறு தரட்டுமா என்று மலாயில் கேட்டார். மாமி உரலை விட்டு எழுந்து வாசற்படி வரை வந்து நின்றார்.

சார் பேனாவை மேசை மேல் வைத்தார். தாளை மாமாவின் பக்கம் தள்ளினார். புள்ளியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. என்னை அவர் பார்ப்பார், ஏதாவது சொல்வார், திட்டவாவது செய்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்தார். மாமியைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.