இறங்கிய நாளும் சேர்த்து

என் இஞ்சு டேப்பில் முதல் இஞ்சு கிடையாது. பதினெட்டு வருஷம் என் கழுத்திலேயே கிடந்து, நுனித் தகரம் கழன்று, ஒன்று என்ற கோடு வரைக்கும் நைந்து போய்விட்டது. அந்தக் கோட்டிலிருந்து அளந்து, வந்த அளவில் ஒன்றைக் கழித்துக்கொள்வேன். புது டேப் வாங்க வக்கில்லாமல் இல்லை, கை பழகிவிட்டது. எங்கள் தையல் கடையில் எனக்கு ‘ஒண்ணு கழி அக்கா’ என்று பட்டப்பெயரே உண்டு.

அந்த டேப்பையும் ஒரு பெட்டித் துணியையும் எடுத்துக்கொண்டு ஜூலை பதினான்காம் தேதி சாயங்காலம் தம்பி இருக்கும் நாட்டில் வந்து இறங்கினேன். அவன் வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டிகள் சரிந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். நான்கு மாதம் அந்தக் கால் தரையில் படக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவன் மனைவிக்கு ஓட்டல் துணிகளை வெளுக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை. அவளும் வீட்டில் உட்கார்ந்தால் வாடகை கொடுக்க முடியாது. அதனால் அவனைத் தூக்கி உட்காரவைப்பது, குளிக்க வைப்பது, வலிக்கிறது என்று கத்தினாலும் விடாமல் பயிற்சி செய்ய வைப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் சொன்னால்தான் கேட்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அடி வாங்கிய உடம்பு.

தம்பி மனைவிக்கு அவன் வைத்த பெயர் கணக்குப்புலி. மருந்து வேளை, கரண்ட் பில், ஆஸ்பத்திரித் தேதி எல்லாம் அவள் போனில் மணியடிக்கும். என் டிக்கெட்டையும் அவள்தான் போட்டாள். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை ஆஸ்பத்திரியில் தம்பி முதல் முறையாகக் காலை ஊன்றி நடக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு பதின்மூன்றாம் தேதி நான் கிளம்புவதாக ஏற்பாடு. பிப்ரவரியில் கம்பியை எடுத்துவிட்டு இன்னொரு ஆபரேஷன். அதற்கு மறுபடியும் விசா வாங்கி வந்துவிடுவேன் என்று அவனிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

அக்டோபர் ஏழாம் தேதி பெட்டியை அடுக்க உட்கார்ந்தபோது பாஸ்போர்ட் கையில் பட்டது. சும்மா புரட்டினேன். நான் வந்திறங்கிய நாளில் அடித்த முத்திரைக்குப் பக்கத்தில், பேனாவால் 90 என்று எழுதியிருந்தது.

“இது என்னம்மா தொண்ணூறு?”

கணக்குப்புலி எட்டிப் பார்த்தாள். “அது நீங்க தங்குற காலம் அண்ணி. மூணு மாசம். நான்தான் ஒரு நாள் முன்னாடியே பதிமூணுக்கு டிக்கெட் போட்டிருக்கேனே.”

“விசாவுல டிசம்பர்னு வேற ஏதோ போட்டிருக்கே?”

“டிசம்பருக்குள்ள எப்ப வேணும்னாலும் இந்த நாட்டுக்குள்ள வரலாம்னு அர்த்தம். வந்த பிறகு மூணு மாசம் இருக்கலாம்.”

“மூணு மாசம்னு எங்க எழுதியிருக்கு? தொண்ணூறுன்னுல்ல எழுதியிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி!”

ஒன்றா? நான் கை முட்டியை மடக்கி, எலும்பு மேட்டில் மாதங்களை எண்ணினேன். ஜூலை மேடு, ஆகஸ்ட்டும் மேடு. இரண்டுக்கும் முப்பத்தொன்று. மூன்று மாதம் தொண்ணூறைத் தாண்டும் என்று தெரிந்ததும் பெட்டியைத் தள்ளி வைத்தேன்.

காரணம் இருந்தது. மேல்மாடியில் ஒரு டிரைவர் குடும்பம். போன வருஷம் அந்த டிரைவரின் அம்மா வந்து, இரண்டே நாள் கூடுதலாகத் தங்கிவிட்டார். யாரும் திட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் அனுப்பினார்களாம். அடுத்த முறை விசா கேட்டபோது கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு வர முடியாது. பிப்ரவரியில் எனக்கும் அந்தக் கதி வந்தால் என் தம்பியை யார் தூக்கி உட்காரவைப்பது?

டேப்பை எடுத்து, சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, கட்டிலின் மேல் நீட்டினேன். ஒரு கோடு ஒரு நாள். ஜூலை முடியும் இடத்தில் ஒரு குண்டூசி, ஆகஸ்ட் முடியும் இடத்தில் ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று. தம்பி கட்டிலில் கிடந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“என்னக்கா, விசாவுக்குச் சட்டை தைக்கிறியா?”

“வாயை மூடு. எண்ணிக்கை தப்பிடும்.”

கையோடு பழக்கப்படி ஒன்றைக் கழித்தேன். தொண்ணூறாவது நாள் அக்டோபர் பன்னிரண்டில் வந்து நின்றது. பதின்மூன்று இல்லை! கணக்குப்புலியின் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ அண்ணி, நான் மாசமாவே பார்த்துட்டேன்” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“சரி விடு. பன்னெண்டாம் தேதி சாயங்காலம் விமானம் இருக்கான்னு பாரு. காலையில இவன் நடக்கிறதைப் பார்த்துட்டு அப்படியே ஏறிடுறேன்.”

தம்பிக்கு நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. சுருட்டி வைத்த டேப்பை மறுபடியும் விரித்தேன். என் டேப்பில் முதல் இஞ்சு இல்லாததால் நான் கழிக்கிறேன். நாட்களில் அப்படி ஏதும் காணாமல் போயிருக்கிறதா? நான் இறங்கிய நாள் கணக்கில் உண்டா, இல்லையா?

“சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே இறங்கினீங்க அண்ணி, பாதி நாள் போயிருச்சு. அதையெல்லாம் சேர்க்க மாட்டாங்க” என்றாள் கணக்குப்புலி. தம்பியும் அதையே சொன்னான். போனில் தேடியதில் ஒருவர் சேரும் என்றார், இன்னொருவர் சேராது என்றார், மூன்றாமவர் வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

“ஆபீஸ்லயே போய்க் கேட்டுடலாம். நாளைக்கே” என்றேன்.

“நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட் அண்ணி.”

“மாத்திக்கோ.”

“ஒரு நாளுக்காகவா இவ்வளவு பிடிவாதம்?” என்றான் தம்பி.

“ஒரு நாளுக்காகத்தான்.”

“இந்த வீட்டுல ஒத்தைக்கால்ல நிக்கிறது நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் குடியேற்ற அலுவலகத்தில் டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் சளி பிடித்த ஒரு பெண் அதிகாரி. கணக்குப்புலி அவர்கள் மொழியில் விளக்கினாள். அந்தப் பெண் தலையாட்டினாள், ஏதோ சொன்னாள், இவளும் தலையாட்டினாள். இரண்டு பேரும் தலையாட்டினால் எனக்கு எப்படி விளங்கும்?

“என்னம்மா சொல்றா?”

“தொண்ணூறு நாளைக்குள்ள போகணுமாம்.”

“அது எனக்கே தெரியும்! எந்தத் தேதின்னு கேளு. எந்த நாளை ஒண்ணுன்னு எண்ணுறாங்கன்னு கேளு.”

அதற்குள் நான் பையிலிருந்து சின்ன நாள்காட்டியை எடுத்து, ஜூலை பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தேன். பின்னால் நின்ற ஆள் பெருமூச்சு விட்டார். விடட்டும். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நாள்காட்டியை உள்ளே வாங்கினாள். பேனாவின் பின்பக்கத்தைப் பதினான்காம் தேதியின் மேல் வைத்து, ஒரு விரலைக் காட்டினாள். பதினைந்தின் மேல் வைத்து இரண்டு விரல். எந்த மொழியும் தேவைப்படவில்லை. பிறகு கணினியில் பார்த்து, அக்டோபர் பதினொன்றைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

பதினொன்று. கழிக்கக் கூடாத இடத்தில் நான் கழித்திருக்கிறேன். துணியில் ஒன்று தப்பினால் பிரித்துத் தைக்கலாம்.

“தள்ளிப் போட வழி இருக்கான்னு கேளு. தம்பி காலைப் பத்திச் சொல்லு.”

கேட்டாள். அந்தப் பெண் முகத்தில் இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீட்டிப்புக்கு நாள் முடிவதற்குப் பதினைந்து நாள் முன்பே மனுப் போட வேண்டுமாம். எங்களிடம் மூன்று நாள்தான் இருந்தது.

அங்கிருந்து நேராக டிக்கெட் கடை. கடைக்காரர் பதினொன்றாம் தேதிக்குத் தேடிவிட்டு, முகம் மலர்ந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கணக்குப்புலி சந்தோஷமாக மொழிபெயர்த்தாள்: “அண்ணி, பதினொண்ணாம் தேதி ராத்திரி பன்னெண்டு இருபதுக்கு ஒண்ணு இருக்காம். நேரா நம்ம ஊருதான்.”

“ராத்திரி பன்னெண்டு இருபதுன்னா அது பன்னெண்டாம் தேதியாச்சே.”

“முன்னாடியே உள்ள போயி முத்திரை வாங்கிடலாம்னு சொல்றாரு.”

“வாங்கிட்டு, விமானம் ரத்தானா? திரும்ப வெளியில கொண்டாந்து விட்டா அப்ப நான் எந்தத் தேதியில நிக்கிறேன்? வேற பார்க்கச் சொல்லு.”

“காலையில ஒண்ணு இருக்கு. ஆனா நடுவுல ஒரு ஏர்போர்ட்ல ஒம்பது மணி நேரம் உக்காரணும்.”

“மூணு மாசமா உன் புருஷன் பக்கத்துலயே உக்கார்ந்திருந்தவ நான். ஒம்பது மணி நேரம் எம்மாத்திரம்? அதையே போடு.”

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். “என்னாலதான் அண்ணி. முதல்லயே சரியா எண்ணியிருந்தா நீட்டிப்பாவது கேட்டிருக்கலாம்.” எனக்கும் கோபம்தான். ஆனால் நானும் ஒன்றைக் கழித்தவள்தானே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி விஷயத்தைக் கேட்டதும் குழந்தை மாதிரி அடம் பிடித்தான். “ஒரு நாள்க்கா. ஒரே ஒரு நாள். நான் நடக்கிறதைப் பார்க்காம போவியா? யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?”

“கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்.”

“நீ இல்லாம எனக்குப் பயமா இருக்குக்கா.”

அதுவரை அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. இருந்து தொலைப்போமே என்று ஒரு நிமிஷம் மனசு இளகியதும் உண்மை. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“இங்க பாரு. பன்னெண்டாம் தேதி நீ நடக்கிறதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? மூணு மாசம் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்? ஆனா அன்னிக்கு நான் இங்க இருந்தா பிப்ரவரியில இருக்க மாட்டேன். அன்னிக்கு நீ நடக்கப்போற. பிப்ரவரியில திரும்பப் படுக்கப்போற. நடக்கிறவனுக்கு அக்கா எதுக்கு? படுத்திருக்கிறவனுக்குத்தான் வேணும்.”

அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தான். “பயிற்சி செய்யணும், தூக்கி விடு” என்றான். அவனாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

மீதி நாட்களில் அவன் பேண்ட்டுகளை எல்லாம் பக்கவாட்டில் பிரித்து, காலில் கட்டிய பட்டை நுழைகிற மாதிரி, இழுத்தால் பிரிகிற ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தேன். கணக்குப்புலிக்கு அவனைத் தூக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தேன். இடுப்பில் கை கொடுக்க வேண்டும், அக்குளில் கொடுத்தால் இருவரும் விழுவார்கள். அவள் அதையும் போனில் குறித்துக்கொண்டாள்.

பதினொன்றாம் தேதி காலை விமான நிலையத்தில் என் முறை வந்தது. கண்ணாடிக் கூண்டில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், 90 என்ற எழுத்தில் நின்றார், திரையைப் பார்த்தார், உதட்டை அசைத்து எண்ணினார். வட்டம் போட்ட நாள்காட்டியைக் கையில் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினார். நகர்ந்து நின்று பிரித்துப் பார்த்தேன். பதினொன்று என்று மை காயாமல் இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, இன்னொரு விமானம் ஏறி, பன்னிரண்டாம் தேதி ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேராகக் கடைக்குப் போனேன். படுத்தால் ஆஸ்பத்திரி ஞாபகமாகவே இருக்கும். ஒரு சட்டைத் துணியை விரித்து, டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா!” தம்பிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் கணக்குப்புலி அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. “நடந்துட்டேன்க்கா. கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏழு அடி!”

கண் மறைத்தது. டேப்பின் நைந்த நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டேன்:

“முதல் அடியைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

“சேர்த்துதான்க்கா” என்றான். “இனிமே நம்ம வீட்டுல முதல்ல இருந்துதான் எண்ணுவோம்.”