உள்ளிருந்து மூன்று தட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. தரை வழியாக வந்தது. நான் குடியிருப்பது மாடியில். எனக்கு நேர் கீழே வீட்டுக்காரர்களின் கார் ஷெட். அதில் கார் நிற்பதில்லை. டிரெய்லரின் மேல் ஒரு பழைய அலுமினிய மீன்பிடிப் படகு உட்கார்ந்திருக்கிறது. நான் அப்போது வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். மலை, மூடுபனி, தனிமை என்று எல்லாம் தேவைக்கு அதிகமாகவே இருந்தன. கீழேயிருந்து ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு டொக், டொக் என்று இரண்டு தட்டு. என் மூடுபனி அத்தோடு கலைந்தது.

சண்டை போடத்தான் இறங்கிப் போனேன். படகுக்குள் மனைவி, படகுக்கு அடியில் கணவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "நல்லவேளை, வந்தீங்க சார்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அன்றிலிருந்து நான் தபால்காரன்.

ஆக, இது திருட்டுக் கதை. வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதுவதால் பெயர்களை எடுத்துவிட்டேன். அந்தம்மா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஆகவே டிரைவரம்மா. அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஆகவே கண்ணாடிக்காரர். என்னை இருவரும் சார் என்பார்கள். அந்த ஒரு வார்த்தையோடு என் மரியாதை முடிந்தது.

2

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் படகு தன் இளமைக் காலத்தை நினைத்து..."

(நிறுத்து. படகு எதையும் நினைக்காது. இந்தக் கதையில் ஏரியும் வராது.)

இரண்டாம் தொடக்கம்: "பல் டாக்டர் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல்..."

ஆள் அடையாளம் தெரியக்கூடாதென்று கண்ணாடிக்காரரைப் பல் டாக்டராக்கிப் பார்த்தேன். துளை, அடைப்பு என்று நன்றாகத்தான் போனது. ஆனால் இரண்டாவது பக்கத்தில் மனிதர் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிட்டார். பல் டாக்டர்கள் அப்படித்தான். எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, இவர்கள் மட்டும் பேசுவார்கள். கண்ணாடிக்காரர் வேறு ரகம். கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸை மாட்டுவார். "இப்போ?" என்பார். அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார். "இப்போ சரியா?" கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தே பழகிய ஆள். இந்தக் கதைக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும். டாக்டரை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் கீழே. இது ஓரளவு ஒழுகாது என்று நம்புகிறேன்.

3

டிரைவரம்மா ஓய்வுபெற்ற நாளில் டிப்போவில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. நகரத்தின் இடுக்குச் சந்துகளில் எல்லாம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எல்லோரும் அதையே சொல்லிப் பாராட்டினார்கள். அந்தம்மாவும் தலையைக் குனிந்து, உள்ளூரக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கணவரைப் பேசச் சொன்னார்கள்.

"நீங்கள்லாம் சொல்றது சரிதான்" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். "அவ்ளோ பெரிய பஸ்ஸுல ஒரு கீறல் இல்ல. ஆனா எங்க வீட்டுல ஒரு குட்டிக் கார் இருந்துச்சு. அதை ரிவர்ஸ் எடுத்து, சொந்த வீட்டு கேட்டையே பேத்து ரோட்டுல படுக்க வெச்சாங்க பாருங்க, அதுவும் இவங்கதான்!"

டிப்போ குலுங்கியது. மெக்கானிக்குகள் மேசையைத் தட்டினார்கள். டிரைவரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் கேட்டை இடித்தது அவரில்லை. கண்ணாடிக்காரர்தான். அந்தம்மா அப்போது சமையலறையில் இருந்தார். சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "காரை இடிச்சது யாரு?"

"நீதானே?" என்றார் கண்ணாடிக்காரர்.

பொய் சொல்கிற முகமாக இருந்திருந்தால் அந்தம்மா ஒரு சண்டை போட்டு முடித்திருப்பார். அது பொய் சொல்கிற முகம் இல்லை. மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். கடைக்கு வருகிறவர்களிடம் பல வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, முதலில் கேட்டைப் பெரிதாக்கினார். பிறகு சத்தத்தைப் பெரிதாக்கினார். பஸ் டிரைவரே காரை இடித்தார் என்றால் இன்னும் சிரிப்பார்களே என்று ஒருநாள் ஆளையும் மாற்றினார்.* மாற்றியதை மறந்துவிட்டார். தன்னோடு இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியவருக்குத் தன்னைப் பற்றிய ஒரே ஒரு உண்மை கூட ஞாபகமில்லை என்பதுதான் டிரைவரம்மாவுக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

* கதையில் ஆளை மாற்றுகிற இதே வேலைக்குத்தான் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆகவே இந்த இடத்தில் நான் யாரையும் திட்டப் போவதில்லை.

4

ஓய்வுக்காலத்தில் சேர்ந்து மீன் பிடிக்கலாம் என்று இருவரும் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட படகு அது. இப்போது அந்தம்மாவின் திட்டம் வேறு. என் மூலம்தான் அறிவித்தார், கணவர் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே.

"சார், அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. படகை ஒழுகாம பண்ணி வித்துடணும். வித்த மறுநாள் நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற யோசனை இல்ல."

"இப்பவே போகவேண்டியதுதானேன்னு கேளுங்க சார்."

"பாதி வழியில யாரையும் இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்லன்னு சொல்லுங்க."

இதில் ஒரு சிக்கல். அலுமினியப் படகின் தகடுகளை இணைப்பது ரிவெட் எனப்படும் தலை வைத்த சின்ன ஆணிகள். பழசாகித் தளர்ந்தவற்றைத் துளைத்து எடுத்துப் புதிது அடிக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கண்ணாடிக்காரர் அடியில் பாய் விரித்துப் படுத்து, டிப்போவில் இரவல் வாங்கிய காற்றுச் சுத்தியலால் ஆணியின் தலையில் அடிப்பார். உள்ளே டிரைவரம்மா ஆணியின் நுனியில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். நுனி நசுங்கிப் பொத்தான்போல் படியவேண்டும். படிந்ததா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். நடுவில் தகடு, முகம் பார்க்கமுடியாது.

பேசாமல் எப்படிச் சொல்வது? கண்டக்டரின் மணியைக் கேட்டே வாழ்ந்தவர் டிரைவரம்மா. கட்டையால் தகட்டைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டு என்றால் சரி, அடுத்தது. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கிப் புதுசு போடு. இந்த அர்த்தத்தை மட்டும் நான் கொண்டுபோய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு வேலை விஷயத்தில் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

5

மற்ற விஷயங்களுக்குத் தேவைப்பட்டேன்.

"முகமூடி போடாம அலுமினியப் பொடியை எல்லாம் மூக்குல இழுத்துட்டு, ராத்திரி இருமினா நான் எழுந்து வரமாட்டேன்னு சொல்லுங்க சார்."

நான் குனிந்து படகுக்கு அடியில் சொன்னேன்: "முகமூடி போட்டுக்கச் சொல்றாங்க. உங்க இருமலை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குதாம்."

"யாருக்கு சார் காது குத்துறீங்க?" என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் முகமூடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த டிரைவரம்மா அதைக் கவனித்தார். அன்று மாலை டீ இரண்டு தம்ளரில் வந்தது. ஒன்று எனக்கு என்று நினைத்துக் கை நீட்டினேன். இல்லையாம்.

(இப்படிக் கொஞ்சம் கண் காது மூக்கு வைப்பது என் தொழில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட் கதையில் கண்ணாடிக்காரர் செய்ததும் இதேதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.)

6

படகு ஒழுகுகிறதா என்று பார்க்க அதை ஏரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஏரியைப் படகுக்குள் கொண்டுவந்தால் போதும். டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றவேண்டும். ஓட்டை இருந்தால் வெளியே சொட்டும். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கடையில் லென்ஸின் நடுப்புள்ளியைக் குறிக்கும் பேனாவால் சொட்டும் ஆணியைச் சுற்றி வட்டம் போடுவார்.

வெள்ளிக்கிழமை ஒரு சொட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வருவதாக ஏற்பாடு. டிரைவரம்மா பயணப் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்தார்.

சனிக்கிழமை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கதையைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தம்மா குளிக்கப் போன நேரம், கண்ணாடிக்காரர் கைத்துளைப்பானோடு பூனைபோல் ஷெட்டுக்குள் நுழைந்தார். க்ர்ர்ர் என்று சின்னச் சத்தம். ஒரு நல்ல ஆணியின் தலை போயிற்று. வந்த வழியே போனார்.

சரி, இதுதான் கதை என்று துள்ளிக் குதித்தேன். எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன். "அவளைப் போகவிடாமல் தடுக்க அவருக்கு வேறு வழி..."

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கிறது. ஏனென்றால் மதியம் கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கப் போனதும், டிரைவரம்மா உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறினார். நங், நங். இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த பெட்டியை உள்ளே எடுத்துப்போனார்.

இரண்டு பேரிடமும் இதைச் சொல்லியிருக்கலாம். தபால்காரன் வேலையே அதுதான். சொல்லவில்லை. கதை கெட்டுவிடுமே!

7

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவர் இடுப்பில் கைவைத்து நிற்க, தண்ணீர் ஊற்றினார்கள். "டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்று ரிவெட் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுக் கண்ணாடிக்காரர் அடியில் குனிந்தார். நானும் குனிந்தேன். முன்பக்கம் ஒரு சொட்டு. பின்பக்கம் ஒரு சொட்டு.

(இது கொஞ்சம் அதிகப்படி என்று தெரியும். நானே கட்டியிருந்தால் ஒரு சொட்டோடு நிறுத்தியிருப்பேன்.)

"ஒழுகுற படகை வெச்சு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கண்ணாடிக்காரர் முன்பக்கச் சொட்டுக்கு வட்டம் போட்டார். பின்பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இது தன் வேலையில்லையே! டிரைவரம்மாவும் குனிந்து முன்பக்க வட்டத்தை உற்றுப் பார்த்தார். அதுவும் அவர் வேலையில்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

அந்தம்மா அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வடியவிட்டார். கட்டையை எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் பாயை விரித்து அடியில் படுத்தார். இப்போது எனக்கு இருவரின் முகமும் தெரியவில்லை.

"சார்" என்றது படகின் உள்ளிருந்து குரல். "எனக்குப் போகணும்னு ஆசையில்ல. அன்னிக்குக் கேட்டுல காரை இடிச்சது யாருன்னு மட்டும் அந்த மனுஷன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அடியிலிருந்து, "சார், அவகிட்ட சொல்லுங்க..."

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் நான். வாயில் மூன்று விதமான நல்ல வசனம் தயாராக இருந்தது. எதுவும் அவருடையதில்லை. அந்தம்மாவின் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு ஆள் தேவைக்கு அதிகமாக மெருகு போட்டாயிற்று.

"நான் சொல்லமாட்டேன்" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டேன்.

8

முடிவு ஒன்று: கண்ணாடிக்காரருக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது. கண்ணீர். மறுநாள் காலை ஏரியில் இருவரும்... (ஏரி வராது என்று சொன்னேனா இல்லையா?)

முடிவு இரண்டு: அந்தம்மா பெட்டியோடு தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்க்கிறார். (திரும்பிப் பார்க்கிற ஆளா அவர்? பஸ் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ரிவெட் டப்பா என் கையிலேயே இருந்தது. கீழே அவர்களிடம் அடிப்பதற்கு ஒரு ஆணிகூடக் கிடையாது. திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். அப்போது கீழேயிருந்து கண்ணாடிக்காரரின் குரல் வந்தது. தாழ்ந்த குரல், என்ன சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் உள்ளிருந்து டொக், டொக், டொக்.

கெட்டுப்போச்சு. பிடுங்கிப் புதுசு போடு.

மறுபடி அவர் குரல். இந்தத் தடவை சின்னதாக இருந்தது. மறுபடி மூன்று தட்டு.

நான் டப்பாவோடு அசையாமல் நின்றேன். எனக்கு அந்த நேரத்தில் கதை ஞாபகமே இல்லை. மனிதர் சரியாகச் சொல்லிவிடவேண்டுமே என்று மட்டும்தான் இருந்தது. மூன்றாவது தடவை வெகுநேரம் கழித்துப் பேசினார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். கடைசி வார்த்தைகள் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டன, கடையில் ஆயிரம் தடவை கேட்டவை என்பதால்.

"இப்போ சரியா?"

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகவே இனி உங்கள் பாடு. படகுக்குள் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கட்டையும் உங்கள் கையில்தான். அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குக் கேட்டிருக்கும். ஒன்று என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் உங்களுக்கே தெரியும். தட்டுங்கள்.

ரிவெட் டப்பா என் மேசை மேல்தான் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.