கப்பல் கேட்ட கையெழுத்து

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, போன், ஸ்கூட்டி எதையும் சொல்லாமல், "கரையே தெரியாத கடலைப் பாக்கோணும்மா" என்றாள் அக்ஷயா. அன்றிலிருந்து பீளமேட்டில் எங்கள் வீடு தரையில் நிற்கவில்லை. மத்தியானத் தூக்கத்தில் கட்டில் மெல்ல ஆடும். சன்னலுக்கு வெளியே ரோடு இருந்த இடத்தில் நீலமாகத் தண்ணீர் நிற்கும். எழுந்து பார்த்தால் எதிரே மோட்டார் பட்டறை. சலித்துக்கொண்டு மறுபடி படுத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் கிருபாசங்கர் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் சொல்லிவைத்தார். சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்புகிற கப்பல். மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அங்கே வேலை பார்க்கும் மானசா என்ற பெண், அக்ஷயாவின் பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"பாப்பாவோட அம்மா கோகிலவாணின்னு இருக்குதுங்க. அவங்க வரலீங்களா? பெத்தவங்க கூட வரலீன்னா, சம்மதம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கோணுமுங்க. இல்லாட்டிக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கோகிலவாணி என் தங்கை, தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பையன்களுக்குப் பிறகு பிறந்த பெண்ணை, பிள்ளையில்லாத என் மடியில் கொண்டுவந்து போட்டவள். கோர்ட்டு, பத்திரம் எதுவும் இல்லை. அக்கா தங்கைக்குள் எதற்குப் பத்திரம்? அக்ஷயா என்னை அம்மா என்பாள், அவளைச் சித்தி என்பாள். விஷயம் அவளுக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சிங்கப்பூர் கூட்டிப்போனபோது பாஸ்போர்ட்டுக்குத் தங்கையிடம் கையெழுத்து வாங்கியதெல்லாம் இவர்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"வளத்தவளுக்கு ஒரு காகிதமும் இல்லீங்களா?" என்று கேட்டேன். மானசா மாதிரிக் கடிதம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தாள்.

தாராபுரம் போகிற வழியெல்லாம் கார்ச் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. காடெல்லாம் கடலாகி நகர, எங்கள் கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றியது. எனக்குப் பயம். இன்றைக்கு எழுதிக் கொடுக்கிற கை நாளைக்குப் பிள்ளையைக் கேட்டால், என்னிடம் என்ன இருக்கிறது?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா ரெண்டு பேரும் இத்தனை தூரம் வந்தீங்க?" என்று பேனாவை வாங்கினாள். தன் பெயரையும் ஊரையும் எழுதினாள். அடுத்து 'என் மகள்' என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஏனக்கா, என் மகள்னு நான் எழுதுனா உனக்குச் சங்கடமா இருக்குமா?"

எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவள் சித்தியாகத்தான் வருவாள். முறுக்கு கொடுப்பாள், பார்த்துச் சிரிப்பாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவாள். ஒரு தடவை பிள்ளைக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். நான் பார்த்த பார்வையில் சீப்பைக் கீழே வைத்தவள்தான், அப்புறம் அந்த முடியைத் தொட்டதேயில்லை. இவளா பிள்ளையைக் கேட்கப்போகிறாள்!

கடிதத்தை இழுத்து மடித்தேன். "எழுத வேண்டாம். நீயும் வா."

"கப்பலுக்கா? எனக்கு ஏதுக்கா பாஸ்போர்ட்டு?"

அங்கிருந்தே மானசாவுக்குப் போன் போட்டேன். பாஸ்போர்ட் கேட்காத கப்பல் உண்டா என்றேன்.

"இருக்குதுங்க. நடுக்கடல் வரைக்கும் போயிட்டுச் சென்னைக்கே திரும்பிரும். வெளிநாட்டுக் கரையைத் தொடறதில்லீங்க, ஆதார் போதும். பாப்பாவுக்குப் பொறப்புச் சர்டிபிகேட்டும் கொண்டாந்துருங்க. பெத்தவங்க கூட வந்தா லெட்டரே வேண்டாமுங்க."

"இலங்கை பாக்கோணும்னு நானுந்தான் ஆசைப்பட்டேன் அம்மணி" என்று இவர் முனகினார். இவரை யார் கேட்டார்கள்?

சென்னைத் துறைமுகத்தில் கவுண்டரில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "கோகிலவாணி யாரும்மா?" என்றார். அவள் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன்.

"இவதானுங்க. புள்ளையோட அம்மா."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. சொன்னால் நாக்கு வெந்துபோகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அக்ஷயா மட்டும் என் முந்தானையைச் சின்னப் பிள்ளை போலப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது மேல்தளத்தில் நின்றோம். எந்தப் பக்கமும் கரை இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் கிடந்தன. கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. என் மத்தியானத் தூக்கத்துக்குள் இந்த மூன்று பேரும் வந்து நிற்பது போல இருந்தது.

காற்றில் அக்ஷயாவின் முடி அவிழ்ந்து பறந்தது. பையிலிருந்து சீப்பை எடுத்தேன். கை வழக்கம்போல அவளிடம் போனது. நிறுத்தி, தங்கையிடம் நீட்டினேன்.

கோகிலவாணி வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள், சீப்பைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிரித்து உள்ளே வைத்தேன். அக்ஷயா அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

பழக்கமில்லாத கையில் வகிடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"கோணலாப் போச்சாக்கா?"

"நேராத்தான் இருக்குது" என்றேன்.